பக்கத்து வீட்டுக்காரர் படித்த கடிதம்

கோயிலில் சுண்டல் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு தெரிந்த குரல்: "தம்பி, அம்மாவின்ர வருத்தம் இப்ப எப்பிடி?"

திரும்பினால் பக்கத்து வீட்டு அண்ணன். அவர் யாழ்ப்பாணம், நான் தஞ்சாவூர்ப் பக்கம். மேற்கு லண்டனில் பத்து வருடமாக ஒரே வேலிக்கு இந்தப் புறமும் அந்தப் புறமுமாகக் குடியிருக்கிறோம். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. எங்கள் பக்கம் வருத்தம் என்றால் மனவருத்தம். அம்மாவுக்கு யார் மேல் வருத்தம், இவரிடம் போய் ஏதாவது சொல்லிவைத்தாளா என்று யோசித்தேன். அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"மூச்சு இழுக்கிறது, இரவில மெசின் போட்டுத்தான் படுக்கிறவ எண்டு எழுதியிருந்தியள்."

"நானா? எங்கே எழுதினேன்?"

"கவுன்சிலுக்கு."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன்.

நடந்தது இதுதான். அவருடைய பிள்ளைகள் படித்து முடித்து ஆளுக்கொரு ஊர் போய்விட்டார்கள். அவர் வேறு இடத்தில் வீடு வாங்கிவிட்டு, இந்த வீட்டைப் பின்னால் 6 மீட்டர் நீட்டி, 8 பேர் அறை அறையாகத் தங்கும் வீடாக மாற்றப் பிளானிங், அதாவது கட்டட அனுமதிக்கான விண்ணப்பம், போட்டிருந்தார். இங்கே அதை எச்எம்ஓ என்பார்கள். உறவில்லாத 3 முதல் 6 பேர் வரை தங்கினால் சின்ன எச்எம்ஓ, சி4 என்ற வகுப்பு. அதற்கு மேல் போனால் தனி ரகம், அனுமதி கட்டாயம் வேண்டும். எங்கள் பகுதியில் ஆர்ட்டிக்கிள் 4 உத்தரவு இருப்பதால் சின்ன எச்எம்ஓவுக்கும் அனுமதி கேட்டாக வேண்டும். இங்கத்திய உள்ளாட்சியான கவுன்சில் எங்களுக்குத் தபால் போட்டது, விளக்குக் கம்பத்தில் ஒரு அறிவிப்பும் கட்டியது. கருத்துச் சொல்ல 21 நாள்.

இருபது நாளும் சும்மா இருந்தேன். கடைசி நாள் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து, உள்ளே இருந்த எரிச்சலையெல்லாம் இரண்டரைப் பக்கத்துக்கு இறக்கினேன். கவுன்சில் தளத்தில் பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எல்லாம் கேட்டார்கள், கொடுத்தேன். கீழே சின்ன எழுத்தில், உங்கள் கருத்து பொதுவில் வெளியிடப்படும், புரிந்துகொண்டேன் என்று ஒரு கட்டம். டிக் அடிப்பதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. அடித்தேன். தூங்கப் போனேன்.

சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்து, செல்பேசியில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தேன். திட்ட வரைபடங்கள், கட்டட அளவுகள், அவற்றுக்குக் கீழே எதிர்ப்புக் கடிதங்கள். என்னுடையது மூன்றாவது. தொட்டதும் திறந்தது. கடவுச்சொல் கிடையாது, நீ யார் என்ற கேள்வியும் கிடையாது. தொலைபேசி எண், மின்னஞ்சல், கையெழுத்து மூன்றின் மேலும் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். என் பெயர், வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு எல்லாம் பளிச்சென்று இருந்தன. அதன் கீழே நான் எழுதியது ஒரு எழுத்துக் குறையாமல்.

என் கடிதத்தை இன்னொருவர் எழுதியதுபோல் படித்தது அன்றுதான் முதல் முறை. அம்மாவுக்கு 74 வயது, நுரையீரல் நோய், பகலில் பின் அறையில்தான் படுப்பாள், சத்தம் ஆகாது. செவ்வாயும் வியாழனும் நானும் மனைவியும் இரண்டு பேருமே இரவு வேலைக்குப் போய்விடுவோம், வீட்டில் அம்மாவும் பள்ளிக்குப் போகும் மகளும் மட்டும், ஆகவே பக்கத்தில் யார் யாரோ வந்து போவது பயமாக இருக்கிறது. திருட வருகிறவனுக்கு இதைவிட நல்ல கால அட்டவணையை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. என்ன பயத்துக்காக எழுதினேனோ, அதை நானே முகவரியோடு ஊருக்குச் சொல்லியிருந்தேன்.

இணைப்பில் இரண்டு படம். பின் ஜன்னலுக்கு வரும் வெளிச்சத்தைக் காட்டுவதற்காகத் தோட்டத்திலிருந்து எடுத்தவை. ஒன்றில் கொடியில் துணி காய்கிறது. அதில் மகளின் பள்ளி ஸ்வெட்டர். பெரிதாக்கினால் நெஞ்சில் பள்ளியின் சின்னம் படிக்கும்படி தெரிகிறது. எடுக்கும்போது என் கண்ணில் பட்டது ஜன்னல் மட்டும்தான்.

மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் கவுன்சிலுக்குப் போன் போட்டேன். நான் கத்தத் தயாராக இருந்தேன். எடுத்த அம்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் எங்களுக்கு ரகசியமாகப் புகார் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்றார். ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன். நம் ஊரில் மனு கொடுப்பது என்றால் அதிகாரிக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் விஷயம். யார் கொடுத்தார்கள் என்று எதிராளிக்குத் தெரிந்தால் அதிகாரி மேல் சந்தேகம் வரும். அந்தப் பழக்கத்தோடுதான் இங்கேயும் எழுதியிருந்தேன்.

இங்கே பிளானிங் அப்படி இல்லை. ஒருவர் தன் சொந்த இடத்தில் ஒன்றைக் கட்ட அனுமதி கேட்கிறார். வேண்டாம் என்று யார் சொல்கிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள், அவர்கள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. வெளிச்சம் மறையும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதும், மூன்று மைல் தள்ளி இருப்பவர் சொல்வதும் ஒன்றல்ல. அதனால்தான் முகவரி கேட்கிறார்கள். பெயரில்லாத கடிதத்தைப் பல கவுன்சில்கள் ஏற்றுக்கொள்வதே இல்லை, ஏற்றாலும் அதற்குப் பெரிய எடை இருக்காது. 1985-இல் வந்த உள்ளாட்சித் தகவல் அணுகல் சட்டப்படி, கவுன்சிலர்கள் உட்கார்ந்து முடிவெடுக்கும் பிளானிங் குழுவின் கூட்டத்துக்குப் போகும் அறிக்கைக்கு ஆதாரமான தாள்களைப் பொதுமக்கள் கேட்டால் காட்ட வேண்டும். எதிர்ப்புக் கடிதங்களும் அந்தத் தாள்களில் சேரும்.

ஆனால் கேட்டால் காட்டுவது வேறு, கணினியில் எல்லோருக்கும் திறந்து வைப்பது வேறு. இணையத்தில் எப்படிப் போடுவது என்பதில் கவுன்சிலுக்குக் கவுன்சில் வழக்கம் மாறுகிறது. சில இடத்தில் பெயர், முழு முகவரி இரண்டும் போடுகிறார்கள். சில இடத்தில் பெயரை மறைத்து முகவரியை மட்டும் காட்டுகிறார்கள். சில இடத்தில் எதிர்ப்புக் கடிதங்களை இணையத்தில் ஏற்றுவதே இல்லை. சில இடத்தில் முடிவு வந்ததும் எடுத்துவிடுகிறார்கள், வேறு சில இடத்தில் வருடக்கணக்கில் கிடக்கும். ஆகவே லூட்டனில் இருக்கும் மச்சான் சொன்னார், இல்ஃபோர்டில் இருக்கும் தோழி சொன்னாள் என்று நம்பி இறங்கக் கூடாது. உங்கள் கவுன்சிலின் பிளானிங் பக்கத்தில் தனியுரிமை அறிவிப்பு என்று ஒன்று இருக்கும். இரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம். அதைவிடச் சுலபமான வழி, அதே கவுன்சிலின் பழைய விண்ணப்பம் ஒன்றைத் திறந்து, அதில் எதிர்ப்புக் கடிதம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பது. நான் இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அந்த அம்மணி இன்னொன்றும் சொன்னார். அனுமதி இல்லாமல் கட்டுகிறார்கள், அனுமதியை மீறிக் கட்டுகிறார்கள் என்று அமலாக்கப் பிரிவுக்குச் சொல்வது தனி. அதில் சொன்னவர் பெயரைப் பொதுவாக வெளியே விடமாட்டார்கள். ஒரே அலுவலகம், இரண்டு வாசல். ஒன்று மூடியிருக்கும், ஒன்று திறந்திருக்கும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்பது பின்னால் தெரிந்தது.

சரி, போட்டதை எடுக்க முடியுமா? முடிவு வருவதற்கு முன் எதிர்ப்பையே திரும்பப் பெறலாம். ஆனால் வாபஸ் வாங்கிவிட்டால் வெளிச்சம் மறைகிறது என்ற என் நியாயமும் போய்விடும். எனக்கு அது வேண்டாம். உடல்நலத் தகவல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப் பிரிவில் வருகிறது, கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய ரகம் அது. இந்தந்தப் பக்கத்தில் இந்தந்த வரி என்று குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அம்மாவின் நோய், இரவு வேலை நாள்கள், படங்கள், எல்லாம் மூன்றாம் நாள் கறுப்பாகிவிட்டன. பெயரும் முகவரியும் நின்றன. இப்படிக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், பதில் திருப்தி இல்லையென்றால் ஐசிஓ என்ற தகவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே போனால் பலன் இருக்குமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2017-இல் பாசில்டன் கவுன்சிலுக்கு ஐசிஓ 1,50,000 பவுண்ட் அபராதம் போட்டது. ஒரு பிளானிங் விண்ணப்பத்தோடு வந்த ஆவணத்தில் ஒரு குடும்பத்தின் ஊனம், மனநலப் பிரச்சினை பற்றியெல்லாம் இருந்ததை மறைக்காமல் இணையத்தில் போட்டுவிட்டார்கள். வாரக்கணக்கில் அது அப்படியே கிடந்தது. பிளானிங் ஆவணங்கள் திறந்திருக்க வேண்டும் என்பதற்காக எதையும் அப்படியே போட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை என்பது அதில் தெளிவானது.

எனக்கோ, கவுன்சில் மேல் பெரிதாகக் குற்றம் சொல்ல வாயில்லை. எழுதியவன் நான், கட்டத்தில் டிக் அடித்தவனும் நான். கறுப்புப் பட்டை வந்தபோது காரியம் முடிந்திருந்தது. விண்ணப்பம் போடுகிறவரின் ஏஜென்ட், எதிர்ப்பு வர வர இறக்கி வைத்துக்கொள்வார். அண்ணனிடம் என் கடிதம் காகிதத்தில் இருந்தது. அதில் போய் யார் கறுப்படிப்பது?

அதை அவர் வேலி ஓரத்தில் வைத்து எனக்குக் காட்டினார். கோயிலில் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நான் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தேன், அவர் அந்தப் பக்கம் நின்றார். நாலாக மடித்த தாள். சில வரிகளுக்குக் கீழே பேனாவால் கோடு.

"வெளிச்சம் போகும் எண்டு எழுதினது சரி தம்பி. அது உங்கட உரிமை. என்னட்டை நேர வந்து சொல்லியிருக்கலாம், அது வேற கதை. ஆனா இது என்ன?" என்று ஒரு வரியில் விரல் வைத்தார். அறை வாடகைக்கு வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ, அவர்களால் தெருவின் தரம் கெடும் என்று நான் எழுதியிருந்தேன்.

"நீங்களும் நானும் இஞ்ச வரேக்க எங்க இருந்தனாங்கள்?"

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது ஒன்றரை வருடம் ஆறு பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். குளியலறைக்கு முன்னால் வரிசை, குளிர்பதனப் பெட்டியில் ஆளுக்கொரு தட்டு. அது அவருக்கும் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். பதில் சொல்லாமல் நின்றேன். பிளானிங் கணக்கில் பார்த்தாலும் அந்த வரிக்கு ஒரு பைசா மதிப்பு இல்லை. யார் வந்து குடியிருப்பார்கள் என்பது அவர்கள் பார்க்கும் விஷயமே அல்ல. இனம், மதம், நாடு என்று இழுத்து எழுதினால் அந்தக் கடிதத்தையே கவுன்சில் ஒதுக்கி வைக்கும். ஒருவரைப் பெயர் சொல்லி ஏமாற்றுக்காரர் என்று எழுதினால், பொதுவில் வெளியிட்ட அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் வரவும் வாய்ப்பு உண்டு.

இதைவிட மோசமானது ஒன்று பாக்கி இருந்தது. எதிர் வீட்டுப் பெண். அவரும் இதே கவலையில் இருக்கிறார் என்று காட்டினால் என் கடிதத்துக்கு வலு சேரும் என்று நினைத்து, எதிரே இத்தனாம் எண் வீட்டில் தனியாக வசிக்கும் பெண்மணியும் இதை எதிர்க்கிறார் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பெயர் போடவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி வேறு. வீட்டு எண்ணைப் போட்டுவிட்டுப் பெயரை மறைத்து என்ன பயன்? அவர் ஒரு பழைய வாழ்க்கையிலிருந்து தப்பித்து இந்தத் தெருவுக்கு வந்தவர். எங்கே இருக்கிறார் என்று சிலருக்குத் தெரியக் கூடாது. எனக்கு அது தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தனியாக இருக்கிறேன், எனக்கும் இது கொஞ்சம் கவலைதான் என்று சொன்னார். அவ்வளவுதான்.

நானே போய்ச் சொன்னேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். சத்தம் போடவில்லை. "நான் உங்களிடம் சொன்னது உங்களிடம்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே அந்த வரிக்கும் கறுப்பு கேட்டு எழுதினேன், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மறுநாள் மத்தியானம் மறைந்தது. அதுவரை நான் பட்ட பாடு, என் தகவல் வெளியானதற்குப் பட்டதில்லை. என்னைப் பற்றி ஊருக்குத் தெரிந்தால் அது என் முட்டாள்தனம், போகட்டும். அம்மாவோ, மகளோ, அந்தப் பெண்ணோ எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் யாராவது பிளானிங் கடிதம் என்று சொன்னால் என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். பட்டவன் என்ற தகுதிதான். நான் முதலில் கேட்பது, உங்கள் காரணம் கட்டடத்தைப் பற்றியதா, உங்களைப் பற்றியதா என்று. அதிகாரி எடை போடுவது கட்டடத்தையும் அதன் பயன்பாட்டையும்தான். வெளிச்சம் குறைவது, ஜன்னல் நேராக நம் வீட்டுக்குள் பார்ப்பது, இரைச்சல், வாகன நிறுத்தம், சாலைப் பாதுகாப்பு, குப்பைத் தொட்டி வைக்க இடம், கட்டடத்தின் அளவு. என் வீட்டு விலை குறையும், நல்ல காட்சி மறையும், கட்டும்போது தூசி பறக்கும், அவர் நல்லவர் இல்லை, இவையெல்லாம் அங்கே செல்லாத காசு. இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். செல்லுபடியாகும் காரணங்களைச் சொல்ல, நம் குடும்பத்தைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லத் தேவையில்லை. அந்தரங்கத்தைக் கொட்டும் வரிகள் பெரும்பாலும் செல்லாத காசு ரகமாகவே இருக்கும்.

என் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு நோய், அவள் படுக்கும் பின் அறை இருட்டிவிடும் என்று அரைப் பக்கம் எழுதினேன். அதற்குப் பதில், பின்புறத் தரைத்தள அறைக்கு ஒரே ஜன்னல்தான், புதிய சுவர் 45 டிகிரி கோட்டைத் தாண்டுகிறது என்று ஒரு வரி போதும். பல கவுன்சில்கள் இந்தக் கோட்டைத்தான் பார்க்கின்றன. வரைபடத்தில் நம் ஜன்னலின் நடுவிலிருந்து 45 டிகிரியில் ஒரு கோடு இழுத்து, புதுக் கட்டடம் அதை வெட்டுகிறதா என்று பார்ப்பது. வரைபடத்தை அளவு மாறாமல் அச்சடித்து, மகளின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து நானே பார்த்தேன். நன்றாகவே வெட்டியது. இந்த ஒரு கோடு முதல் கடிதத்தில் இல்லை, நோய் இருந்தது.

நோயோ ஊனமோதான் உண்மையில் முக்கியமான காரணம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சக்கர நாற்காலி இருக்கிறது, அதற்கான வழியே அடைபடுகிறது, இப்படி. 2010 சமத்துவச் சட்டப்படி கவுன்சில் அதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். அப்போதும் தளத்தில் கொட்ட வேண்டாம். விண்ணப்பத்தைப் பார்க்கும் கேஸ் ஆபீசரின் பெயர் அங்கேயே இருக்கும். அனுப்பும் முன் அவரிடம், எப்படி அனுப்பினால் வெளியிடமாட்டீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எதிர் வீட்டுப் பெண்ணைப் போல முகவரி வெளியே தெரிந்தால் ஆபத்து என்கிறவர்களும் முதலில் கேட்க வேண்டும், அப்புறம்தான் எழுத வேண்டும்.

பெயரே வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. வார்டு கவுன்சிலரிடம் போய்ச் சொல்லலாம். விண்ணப்பத்தைக் குழுவின் முன் கொண்டுவரும்படி அவர் கேட்கலாம், குழுவில் அவரே பேசலாம். பேசும்போது உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போகலாம். ஆனால் வாசல் வாசலாகக் கையெழுத்து வாங்கும் மனுவை நான் இப்போதெல்லாம் ஊக்குவிப்பதில்லை. முப்பது பேர் பெயரும் முகவரியும் ஒரே தாளில் வந்து நிற்கும், பல இடத்தில் அதை ஒரே எதிர்ப்பாகத்தான் எண்ணுவார்கள். கூட்டம் கூட்டின திருப்தி மட்டும் மிஞ்சும்.

சின்னச் சின்னப் பொறிகளும் உண்டு. என் நண்பர் ஒருவர் அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்பினார். அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் பதவி, வேலை இடம், நேரடித் தொலைபேசி எண் எல்லாம் சேர்ந்து போயின. மேலே இருந்த மின்னஞ்சல் முகவரியை மறைத்தவர்கள் அடியில் இருந்ததைப் பார்க்கவில்லை. மறைக்கிறவரும் மனிதர்தான், ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் பார்ப்பாரோ. தரவே தராததை யாரும் தவறவிட முடியாது. தொலைபேசி எண் பெட்டியில் கட்டாயக் குறி இல்லையென்றால் காலியாக விடுங்கள். கடிதத்தின் உடலுக்குள் பெயர், முகவரி, கையெழுத்து எதையும் திரும்ப எழுத வேண்டாம், அவற்றுக்குத்தான் தனிப் பெட்டி இருக்கிறதே. படம் வைத்தால் வீட்டுக்கு உள்ளே இருந்து எடுத்ததைத் தவிருங்கள். கண்ணாடியில் யார் முகம் விழுகிறது, கொடியில் என்ன காய்கிறது, வாசலில் நிற்கும் காரின் எண் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். எடுத்த இடமும் நேரமும் படக் கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும் என்பதால், திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புவது என் வழக்கம்.

அனுமதி மறுத்து, விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்தால், நம் கடிதம் அந்த முறையீட்டை விசாரிக்கும் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கும் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு முறை எழுதியது இரண்டு இடத்தில் நிற்கும். இன்னொரு விஷயம், பலர் யோசிக்காதது. நாளைக்கு நாம் வீட்டை விற்கும்போது நிரப்ப வேண்டிய டிஏ6 படிவத்தில் பக்கத்து வீட்டோடு தகராறு உண்டா என்று கேட்பார்கள். எதிர்ப்புக் கடிதம் எழுதியதாலேயே அது தகராறு ஆகிவிடாது. ஆனால் அந்தக் கடிதத்தில் ஐந்து வருடமாக இவரோடு சண்டை என்று நாமே எழுதி வைத்திருந்தால், வாங்குகிறவரின் வக்கீல் அதைத் தேடி எடுக்கச் சில நிமிடங்கள்கூட ஆகாது.

அண்ணனின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. குழுவுக்குப் போகவில்லை, அதிகாரி மட்டத்திலேயே முடிந்தது. அதிகாரியின் அறிக்கையை ஆவலோடு திறந்தேன். பின்புற நீளம் அதிகம், இரண்டு அறைகள் சிறியவை, குப்பைத் தொட்டிகளுக்கு இடமில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் சொன்ன கருத்துகள் என்று ஒரு பத்தி. அதில் என் இரண்டரைப் பக்கம் மூன்று சொல்லாகச் சுருங்கியிருந்தது: வெளிச்சம், இரைச்சல், வாகன நிறுத்தம். அம்மாவின் நுரையீரல் எதற்கும் உதவவில்லை.

நாலு மாதத்தில் புது விண்ணப்பம் வந்தது. நீளம் 3 மீட்டர், ஆள் 6 பேர். இந்த முறை தபால்காரர் வருவதற்கு முன்னாலேயே அண்ணன் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்த்தோம். கோணமானியை எடுத்து வந்தேன். கோடு சுவரைத் தொடவில்லை. குளியலறை ஜன்னல் மட்டும் எங்கள் பக்கம் பார்த்தபடி சாதாரணக் கண்ணாடியோடு இருந்தது.

"இதை எழுதுவேன் அண்ணே" என்றேன்.

"எழுதுங்கோ. மங்கல் கண்ணாடி போடச் சொல்லி எழுதுங்கோ. அதை நான் போடத்தான் வேணும்."

அன்று மாலையே எழுதினேன். ஆறு வரி. அனுப்பும் முன் எதிர் வீட்டுக் கதவைத் தட்டி அந்தப் பெண்ணிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையை ஆட்டினார், செல்பேசியைத் திருப்பிக் கொடுத்தார், கதவை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் அம்மா பின் அறையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழில் படித்துச் சொன்னேன்.

"என்னைப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா."

"அப்ப அனுப்பு."